வெளிநாட்டுப் பள்ளியில் ஓராண்டு: பிள்ளையை அனுப்பும் முன்

(அறக்கட்டளையின் கல்விக் குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகை மனுக்களைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கூட்டம் கூடியது. அந்த வேலை முடிந்துவிட்டது. மீதி இருக்கும் நேரத்தில் வேறொரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போவது பற்றியது. சில மாதங்களாக நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சிலர் ஆசையோடு கேட்கிறார்கள், பலர் பயத்தோடு கேட்கிறார்கள்.

வெளிநாடு நமக்குப் புதிதல்ல. சபர் போகாத வீடு நம் தெருவில் எத்தனை இருக்கும்? பர்மா, மலாயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று மூன்று தலைமுறையாகப் போய் வருகிறோம். திருச்சி விமான நிலையத்தில் நள்ளிரவு விமானத்துக்கு வழியனுப்ப நிற்கும் கூட்டத்தில் பாதி நம் ஆட்கள்தான். ஆனால் நமக்கு சபர் என்றால் சம்பாத்தியம். போனவர் பணம் அனுப்புவார், வரும்போது பெட்டி கட்டி வருவார். பள்ளிப் பிள்ளை ஓராண்டு போய்ப் படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும் என்றால், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதில் என்ன லாபம்?" என்பதுதான். கேட்கக்கூடாத கேள்வி அல்ல அது. ஆனால் இந்தப் பயணத்தில் பிள்ளை கொண்டு போவதும் கொண்டு வருவதும் வேறு வகைச் சரக்கு.

முதலில் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறை, பள்ளி மன்றப் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அரசுச் செலவில் வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் அமீரகம் போன குழு ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்து வந்தது. ஜப்பானின் சகுரா அறிவியல் திட்டம் 2014இல் தொடங்கியது. அதிலும் இந்திய மாணவர்கள் சில நாட்கள் போய் வருகிறார்கள். இவையெல்லாம் ஆசிரியர் துணையோடு போகும் குறுகிய பயணங்கள், இவற்றைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை.

கவலை வருவது ஓராண்டுத் திட்டத்தில். கென்னடி-லூகர் பெயரில் அமெரிக்க அரசு நடத்தும் 'யெஸ்' திட்டம் அப்படிப்பட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002 அக்டோபரில் தொடங்கப்பட்டது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து பதினைந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்து, உள்ளூர்ப் பள்ளியில் படிக்கவைக்கிறார்கள். அந்த நாடுகளின் எல்லா மதத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். விமானச் செலவு, காப்பீடு, கைச்செலவு எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். இந்தியாவில் இதை நடத்துவது ஏஎஃப்எஸ் அமைப்பு. அதன் வரலாறு கேட்கத் தக்கது. முதல் உலகப் போரில், 1915இல், காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற தொண்டர்கள் அமைத்தது அது. இரண்டாம் போரும் முடிந்த பிறகு, இனி ஆம்புலன்ஸ் ஓட்டுவதைவிடப் பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வளரவிடுவது மேல் என்று முடிவெடுத்து, மாணவர் பரிமாற்றத்தில் இறங்கினார்கள்.

"அமெரிக்க அரசு நம் பிள்ளைகளுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார். அவர்கள் தங்கள் நலனுக்காகத்தான் செய்கிறார்கள், அதை மறைக்கவும் இல்லை. அந்த அரசின் கொள்கைகளைப் பற்றி நம்மிடம் உள்ள கருத்து நம்மிடமே இருக்கட்டும். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை வேறு, அந்த நாட்டில் ஒரு வீட்டுச் சமையலறை வேறு. நம் பிள்ளை போய் உட்காரப்போவது சமையலறையில்.

இனி, இப்படி ஓராண்டு போய் வந்த ஒரு மகளைப் பற்றிச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த குடும்பம். பெயர், பள்ளி எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவருடைய அத்தா சிறு கடை வைத்திருக்கிறார். அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு சிறு ஊர் அவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் பள்ளிவாசல் இல்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்குக் கிடையாது என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டபோது இந்தப் பிள்ளை எழுந்து நிற்கவில்லை. காரணம், ஆசிரியர் கூப்பிட்டது "ஃபனூ" என்று. நம் வழக்கப்படி பிள்ளைக்கு ஒற்றைப் பெயர், முன்னால் தகப்பனார் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படி வந்தால் அமெரிக்க விசாவில் இருக்கும் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப்.என்.யூ. என்று மூன்றெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதையே பெயர் என்று நினைத்து ஆசிரியர் கூப்பிட்டிருக்கிறார். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்றபோது யாரும் சிரிக்கவில்லை. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தினார்கள்.

அந்த வீட்டில் அவருக்கு முதல் வாரமே ஒரு சந்தேகம் வந்தது. கிப்லா மேற்கே என்று சிறுவயதிலிருந்து பழகியவர். முஸல்லாவை விரித்து மேற்கே நின்றுவிட்டார். வீட்டுக்கார அம்மையார், "மக்கா இங்கிருந்து எந்தப் பக்கம்?" என்று சும்மா கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தார்கள். வடகிழக்கு என்று வந்தது! மேற்கு என்பது நம் ஊருக்கான கணக்கு என்பது பிள்ளைக்கு அன்றுதான் புரிந்தது. வக்தும் அப்படித்தான். நம் ஊரில் ஆண்டு முழுவதும் மஃரிப் ஆறு மணியை ஒட்டியே வந்துபோகும். அங்கே டிசம்பரில் நாலரை மணிக்குச் சூரியன் மறைகிறது. பள்ளிவிட்டு வீடு வருவதற்குள் அஸர் முடியும் நேரம். ஜூனில் மஃரிபே ஒன்பது மணி ஆகிறது. பள்ளியில் மதிய இடைவேளையில் லுஹர் தொழ நூலகத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவரே போய்க் கேட்டார் என்பதுதான் முக்கியம், யாரும் அவருக்காகப் போகவில்லை.

சாப்பாட்டு விஷயத்தைத் தாய்மார்கள் கட்டாயம் கேட்பீர்கள். மீன், முட்டை, காய்கறி, பருப்பு என்று ஓராண்டை ஓட்டியிருக்கிறார். பன்றி இறைச்சி எது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மிட்டாயிலும் இனிப்பிலும் சேரும் ஜெலட்டின்தான் கண்ணுக்குத் தெரியாதது. கடைக்குப் போனால் அந்த அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாகப் படித்துப் பார்ப்பாராம். ரமலானில் சஹருக்கு எழுப்பிவிட்டதும் அவரே. இந்தக் குடும்பங்களுக்கு இதற்காகப் பணம் எதுவும் கிடைப்பதில்லை. எல்லா வீடும் இப்படி அமைந்துவிடும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை. ஒத்துவராவிட்டால் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் சொல்லி வீடு மாறலாம். வாய் திறந்து சொல்லும் பிள்ளைக்குத்தான் அந்த வழி உதவும்.

அவர் திணறிய இடம் வேறு. ரமலான் தொடங்கியதும் வகுப்பில் ஒரு பையன், "ஏன் நோன்பு வைக்கிறாய்?" என்று கேட்டான். "எங்களுக்குக் கடமை" என்றார். "நீ பசியோடு இருப்பதால் உன் இறைவனுக்கு என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தது. கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். இவரிடம் பதில் இல்லை. ஆறு வயதிலிருந்து மக்தபுக்குப் போனவர். தஜ்வீதோடு ஓதுவார், யாஸீன் மனப்பாடம். ஓதிய பிள்ளைக்குப் பேச வரவில்லை. அன்று இரவு அத்தாவுக்குப் போன் செய்திருக்கிறார். அத்தா, "ஹள்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் மா" என்றார். ஹள்ரத் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பிக்காமல், இரண்டு நாள் யோசித்து, தன் சொற்களில் அந்தப் பையனிடம் பதில் சொன்னாராம்.

இந்த இடத்தில் மேடைகளில் சீனாவைச் சொல்லும் அறிவிப்பை எடுப்பது வழக்கம். அது பலவீனமான அறிவிப்பு என்று உலமாக்கள் சொல்லியிருப்பதால் நாங்கள் எடுக்கவில்லை. அபிசீனியா ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். நஜ்ஜாஷி மன்னர், இது என்ன மார்க்கம் என்று கேட்டபோது ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எடுத்ததும் ஓதவில்லை. நாங்கள் எப்படி இருந்தோம், எங்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்று கேட்பவருக்கு விளங்கும்படி முதலில் பேசினார்கள். மர்யம் சூராவை ஓதியது அதற்குப் பிறகுதான். நம் மக்தபில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, ஓதலுக்கே அது போதவில்லை என்பது தெரியும். ஆகவே கல்விக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை அஸருக்குப் பின் அரை மணி நேரம், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுந்து நின்று பேச வேண்டும். கேள்விகளை மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். என்ன கேள்வியும் கேட்கலாம்.

நம் ஊரைப் பற்றியும் கேட்பார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே சர்வதேசக் கல்வி வாரம் நடக்கும். அதில் இந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். தாஜ்மஹால் படத்தைக் காட்டினால் வேலை முடிந்துவிடும். இவர் அப்படிச் செய்யவில்லை. மலைக்கோட்டையைக் காட்டினார், நத்ஹர் வலி தர்காவைக் காட்டினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தைக் காட்டினார். ஏழு சுற்று மதில், 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரம், அந்தக் கோயிலுக்குள்ளே துலுக்க நாச்சியார் சந்நிதி, பெருமாளுக்கு ரொட்டி படைக்கும் வழக்கம் என்று சொன்னபோது வகுப்பு அசையாமல் கேட்டதாம். அந்தக் கதை அவர்களுடைய நம்பிக்கை, அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கவனித்தது வேறொன்றை. இந்த விவரங்களை இவருக்கு இரவில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கும் வகுப்புத் தோழி. பத்து வருடம் ஒன்றாகப் படித்தும், இதை அவரிடம் கேட்க அமெரிக்கா போக வேண்டியிருந்தது என்று இந்த மகளே சொன்னார்.

பெண் பிள்ளையை அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. மஹ்ரம் இல்லாத பயணம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். கேட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதை மதிக்கிறோம். யாரிடமும் கேட்காமல், விண்ணப்பத்தைப் பிள்ளை கையில் எடுத்ததுமே பிடுங்கி வைக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. தொழுகையைச் சுருக்கலாமா, சேர்க்கலாமா என்பதையும் போகும் முன் கேட்டுவிடுங்கள். ஹனஃபியில் பதினைந்து நாள், ஷாஃபியில் நான்கு நாள் என்று தங்கும் கணக்கு மாறுகிறது. ஓராண்டு தங்கப் போகிறவர் முஸாஃபிர் அல்ல.

"அப்படியே அங்கேயே படிப்பு, வேலை என்று செட்டில் ஆகிவிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. அரசுச் செலவில் போகிறவர் திரும்பி வந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தால்தான் அங்கே வேலை விசாவோ குடியுரிமைக்கான வழியோ திறக்கும். அங்கே படித்த ஆண்டை இங்கே பிளஸ் ஒன் ஆண்டாக எடுத்துக்கொள்வார்களா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு பின்தங்க நேரலாம். அது பெரிய நஷ்டம் அல்ல என்பது எங்கள் கருத்து. தெரிந்தே அதற்குச் சம்மதித்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் இந்தியக் குடும்பங்களில் மாதக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். நம் பிள்ளைக்காக ஒரு கிறிஸ்தவ அம்மையார் சஹருக்கு எழுந்தார். அவர் ஊர்ப் பிள்ளை ஒன்று வந்தால் நம் தெருவில் எந்த வீடு ஒரு கட்டில் போடும்? இந்தக் கேள்வியை நிர்வாகக் குழுவில் வைத்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு உறுப்பினரின் மனைவி, "கட்டில் இருக்கிறது, தலாக்குளிருக்குப் போர்வையும் வேண்டாம், காரம்தான் குறைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். ஒரு வீடு ஆயிற்று. இன்னும் இரண்டு வீடு பெயர் கொடுத்தால் நாங்கள் அந்த அமைப்புக்கு எழுதுவோம்.

ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஆவணங்களைச் சரிபார்க்க வரும் ஞாயிறு லுஹருக்குப் பின் நம் அலுவலகம் திறந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தகப்பனார் சபரில் இருந்தால் அவருடைய பாஸ்போர்ட் நகலையும் கொண்டு வாருங்கள், சம்மதப் படிவத்துக்குத் தேவைப்படும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.