தள்ளாடும் காலுக்கு நாய்த் துணை



லிங்கி, ரந்தாவ், பாஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் கால் பின்னி நடந்து வந்தால், "காலையிலேயே சம்சுவா?" என்று நாம் கேட்டுவிடுகிறோம். எல்லாத் தள்ளாட்டமும் குடியால் வருவதன்று. பின்மண்டையிலுள்ள சிறுமூளைதான் கை, கால், நாக்கு மூன்றையும் இசைவாக இயக்குகிறது. மது அதைச் சில மணி நேரம் மயக்குகிறது. சில நோய்களோ ஆண்டுக்கணக்கில் தேய்க்கின்றன. அதனால் இருவருக்கும் நடை ஒன்றுபோல் தள்ளாடுகிறது, பேச்சும் குழறுகிறது.

இந்நோய்களில் சில பரம்பரையாக வருபவை. தமிழ்நாட்டின் இரு கிராமங்களில் அத்தகைய நோய் ஒன்று மிகுந்திருப்பதை மருத்துவர்கள் 2005இல் எழுதினார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. செய்வினை என்று பூசாரியிடம் ஓடுவதால் பணம்தான் போகும்.

இப்படிப்பட்டவருக்குக் கைத்தடி போதாதா? தடியைத் தூக்கி ஊன்ற வேண்டிய கையே குறி தவறும் கையாயிற்றே! அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து இப்ஸ்விச் நகரில், கார்லின் ஒயிட் என்ற அம்மையார் 2003இல் ஒரு திட்டம் தொடங்கினார். கிரேட் டேன் என்னும் பெரிய சாதி நாய்களைப் பழக்கி, நடை தள்ளாடுவோருக்கு இலவசமாகக் கொடுப்பதே அத்திட்டம். இச்சாதி நாய் 50 கிலோவுக்கு மேலும் வளரும். முதுகில் சேணம், அதில் வளையாத கைப்பிடி. பிடித்திருப்பவரின் வேகத்துக்கே நாய் நடக்கும்; அவர் சாய்ந்தால் நான்கு காலையும் ஊன்றி நிற்கும்; விழுந்தவர் தன்னைப் பற்றி எழும்வரை அசையாது. படியிலும் கூடவே ஏறும். தடியை நாம் ஊன்ற வேண்டும். நாயோ தன் காலைத் தானே ஊன்றிக்கொள்கிறது.

நம் லயத்து நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கலாமா? வேண்டாம். கோழியைக் கண்டால் இழுத்துத் தள்ளிவிடும். ஒரு ஆள் சாயும் பாரத்தையும் அதன் முதுகு தாங்காது.

அந்த நாய் செய்வதில் ஒன்றை நாமே செய்யலாம். நோயாளியின் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுத்து, அவர் நடைக்கே நடக்க வேண்டும். வாசலிலிருந்து குளியலறைவரை இடுப்புயரத்தில் உறுதியான கைப்பிடிக் கட்டையும் அடித்துவிடலாம். பிறகு, அரசாங்க மருத்துவமனையில் காட்டி நோய் இன்னதென்று அறிய வேண்டும். சமூகநல இலாகா வழங்கும் ஓக்கூ கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பாரத்தில் டாக்டரின் உறுதிமொழி வேண்டும் என்பதால், மருத்துவமனைக்குப் போகும்போதே அதைக் கையோடு கொண்டு போங்கள்.