எலிக்கும் ஒரு பீடம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே சமயமும் தமிழும் பேசுவதே வழக்கம். நானோ இன்று சட்டைப்பையில் ஓர் எலியைக் கொண்டு வந்திருக்கின்றேன். அஞ்ச வேண்டாம், உயிருள்ள எலியன்று. பெருவிரலின் மேற்கணுவளவு உயரமுடையது. பின்கால்களில் நிமிர்ந்து நின்று, தையலூசியொன்றை வாளாக ஏந்தி, தோளிலே சிவப்புப் போர்வையும் போட்டிருக்கிறது. இத்தகைய விசித்திர விலங்குகளுக்கு வர்ணந்தீட்டிப் பீடம் அமைப்பதே என் பொழுதுபோக்கு.

"தம்பி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையளுக்கு இந்தப் பொம்மை விளையாட்டு ஏன்?" என்று பெரியவரொருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானது. வாசிகசாலையிலே சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மேசை தரவேண்டுமென்று நிருவாக சபையாரிடம் விண்ணப்பித்தவன் நான். ஆகவே விடை கூறும் கடமையும் எனக்குண்டு.

இக்கலை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1893இல் லண்டனிலே பிரித்தன் என்னும் பொம்மைக் கம்பனி உட்குழிவான ஈயப் போர்வீரர்களை வார்க்கத் தொடங்கிற்று. அத்தகைய வீரர்களை வைத்து வீட்டுத் தரையிலே போர் விளையாடும் விதிகளை எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு நூலாகவே எழுதினார். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தபின், படைவீரரோடு பறவைநாகங்களும் பூதங்களும் வேண்டப்பட்டன. எலியும் முயலும் வந்த வழி வேறு. பியாட்ரிக்ஸ் பொட்டரின் முயல் 1902இலேயே நீலச் சட்டை போட்டுவிட்டது, சி. எஸ். லூயிஸ் 1951இல் எழுதிய கதையிலே வாளேந்திய எலி வீரனொருவன் வருகிறான். ஈயம் நஞ்சென்பதால் பின்னர் வெள்ளீயக் கலவையும், பிளாஸ்ரிக்கும், ரெசினும் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று வீட்டிலேயே முப்பரிமாணப் பொறியில் அச்சிட்டுக் கொள்வாரும் உளர்.

வர்ணந்தீட்டும் முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். உருவைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, பழைய மருந்துப்போத்தல் மூடியொன்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிடிப்பது மூடியை, உருவையன்று. முதலில் அடிப்பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் வர்ணத்தைப் பாலின் பதத்துக்கு நீர் கலந்து, மெல்லிய பூச்சாக இருமுறை. தடிப்பாக ஒரேமுறை பூசினால் உரோமத்தின் கோடுகள் மூடுண்டு, எலி மெழுகுப் பொம்மையாகிவிடும். அடுத்து, மிகவும் நீர்த்த கருங்கபிலத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். கடைசியில் தூரிகையை வெளிறிய வர்ணத்திலே தோய்த்து, ஏறத்தாழ முழுவதையும் கடதாசியில் துடைத்துவிட்டு மேலாகத் தடவ, உரோமத்தின் நுனிகள் மட்டும் ஒளிபெறும். கண்ணுக்கு முழுக் கறுப்பும் அதிலொரு வெண்புள்ளியும் போதும். தூரிகையின் நுனியை நாவில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மேல்நாட்டாரிடம் உண்டு. எச்சில் என்று நம் ஆச்சிமார் முகஞ்சுளிப்பர். வர்ணம் வயிற்றுக்குப் போகக்கூடாதென்பதால் நானும் ஆச்சிமார் பக்கமே.

இப்படி வர்ணந்தீட்டிய என் முதல் எலியைக் கரிய வட்டத் தட்டிலே நிறுத்தி, பெருமையோடு மருமகனிடம் காட்டினேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த எலி எங்கை போகுது?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு கிழமை செலவிட்டுத் தோலும் துணியும் கண்ணும் எழுதியிருந்தேன். அது நிற்பதற்கோர் உலகத்தை நான் நினைக்கவேயில்லை.

அடுத்த முயற்சியில் வெள்ளைப் பசை பூசி மணலும் கூழாங்கற்களும் ஒட்டினேன். அது இன்னுங் கேடாயிற்று. கூழாங்கற்கள் பாறைகளாய்த் தோன்ற, எலியோ மனித உயரமுள்ள பூதமாய் மாறிவிட்டது! இந்த உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர் அளவை ஒட்டியே வார்க்கப்படுகின்றன. மனிதனும் அவ்வளவு, எலியும் ஏறத்தாழ அவ்வளவு. எலியை எலியாக்குவது அதன் உடம்பன்று, காலடியிற் கிடக்கும் பொருளே என்பது அப்போதுதான் புரிந்தது. கற்களைப் பெயர்த்துவிட்டு, எரிந்த தீக்குச்சியொன்றை விழுந்த மரம்போலக் குறுக்கே கிடத்தினேன். சட்டைப் பொத்தானொன்றைப் பாதி புதைத்தேன். வடித்துக் காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவ, அது உதிர்ந்த சருகாயிற்று. தேங்காய்த் தும்பை நறுக்கி நட, எலியின் தலைக்கு மேலெழுந்த புல்லாயிற்று. பாதத்தில் நுண்துளையிட்டு, கம்பி செருகி, தீக்குச்சியின்மேல் ஏறுவதுபோல எலியை நிறுத்தினேன். மருமகன் மறுபடி பார்த்தான். "ஓ, வீட்டுக்குப் போகுது" என்றான். யார் வீட்டுக்கென்று நான் கேட்கவில்லை.

பீடத்தின் அருமை நமக்குப் புதிதன்று. பீடமின்றி எந்த மூர்த்தத்தையும் நாம் தாபிப்பதில்லை. யாளியை எவரும் கண்டதில்லை. ஆயினும் அதன் துதிக்கை மடிப்பைச் செதுக்கியவன் யானையை நன்றாகப் பார்த்தவன். இல்லாத விலங்கை நம்பவைக்க இருக்கும் விலங்கை உற்றுநோக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த உற்றுநோக்கல் வீண் என்று நான் எண்ணவில்லை. இதனாற் புள்ளிகள் கூடுமென்றும் வாக்குத் தரமாட்டேன்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. ரெசினைத் தேய்க்கும் தூசு நெஞ்சுக்குக் கேடு. நீரில் நனைத்தே தேய்க்கவேண்டும், முகமூடியும் வேண்டும். இறுகாத ரெசின் தோலிற் படலாகாது. பழைய ஈய உருவங்களைச் சிறுவர் தொடவே கூடாது. பணச்செலவும் உண்டு. அதனிலும் பெரிய நோய், வாங்கிக் குவித்துவிட்டு வர்ணந்தீட்டாமல் வைத்திருப்பது. என் அலுமாரியிலே அப்படி நாற்பதுக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. இதை என் மனைவியார் இச்சபையில் இருக்கும்போதே சொல்லுகிறேன். ஆகவே மேசை கிடைத்தால் ஒரு விதி வைப்போம்: கையிலுள்ளதைப் பீடத்தோடு முடித்தவருக்கே அடுத்த உருவம்.

பின்வாசலருகே ஏழு உருவங்களை வைத்திருக்கின்றேன். கூட்டம் முடிந்ததும் பெரியோர்களும் வந்து பார்க்கலாம். எடுப்பவர்கள் பீடத்தைப் பிடித்தே எடுக்கவேண்டும். நரியின் வால் ஏற்கெனவே இருமுறை ஒட்டப்பட்டது.