சுழல் எஞ்சினைச் சோதித்தல்

திருத்தணிப் பக்கத்து உழவர் பல்லைப் பாராமல் மாடு வாங்கார். ஜப்பானிலிருந்து வரும் பழைய மாஸ்டா சுழல் எஞ்சினுக்கும் அத்தகைய சோதனை உண்டு. ஜெர்மானியர் பெலிக்ஸ் வான்கெல் வகுத்த இவ்வகை எஞ்சின் 1957-இல் முதன்முதல் ஓடிற்று. இதில் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் இல்லை. முக்கோணச் சுழலி கூட்டினுள் சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களையொட்டி மூன்று அறைகள். முனைகளிலுள்ள மெல்லிய அடைப்புத் தகடுகள் தேய்ந்தால் அழுத்தம் கசியும். சாதாரண அழுத்தமானியோ மூன்றில் மிகுதியானதை மட்டும் பிடித்துக் காட்டும். நலிந்த அறை மறைந்துவிடும். (வெளியே பூசிய வண்ணத்தில் மயங்குவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டா!) ஆகவே மானியின் தடுப்பு வால்வை நீக்கி, ஸ்பார்க் பிளக்குத் துளையில் பொருத்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, முள் மும்முறையும் சமமாகத் துள்ளுகிறதா என நோக்குதல் வேண்டும். ஒரு துள்ளல் தளர்ந்தாலும் பிரித்துப் பாராமல் வண்டியில் ஏற்றலாகாது. நெடுநாள் கிடந்த எஞ்சினில் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் திருப்புவர். அவ்வெண்ணெயே கசிவை அடைத்துப் பொய்யளவு காட்டும். அது வடிந்த பின்னரே அளத்தல் வேண்டும்.