முன்பாரம், பின்பாரம்

இன்றைக்குத் திருவையாற்றுக்குப் போய்வரலாம்.

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் வரிசையாக வரும். புதிதாக வருகிறவர்கள் பாலத்தை எண்ணுவார்கள். ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்ப்பார்கள், எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்களா இல்லையா என்பதை இந்த ஐந்து பாலங்களும் சொல்லிவிடும்.

இந்தப் பாதைதான் எல்லோருக்கும் தெரியும். நான் சிபாரிசு செய்வது இன்னொன்றை. திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் காவிரியை ஒட்டியே வரும் சாலை. வளைவு அதிகம், நேரமும் கூடப் பிடிக்கும். ஆனால் வாழைத்தோப்பும் வயலும் மாறி மாறி வரும். எங்கள் அப்பா வேலை முடிந்து வீடு திரும்பிய பாதை அது. வேலை திருச்சி செம்பட்டு விமான நிலையத்தில், இந்தியன் ஏர்லைன்ஸில்.

“ஏரோப்ளேன்ல வேலை” என்றால் அந்த நாளில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரைப் பைலட் என்றே நம்பினார்கள். அப்பா மறுக்கவும் மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார். உண்மையில் அவருக்குத் தரையில்தான் உத்தியோகம். லோடு ஷீட் போடுகிறவர். எத்தனை பயணிகள், எத்தனை கிலோ மூட்டை, எவ்வளவு எரிபொருள், எது முன் அறையில், எது பின் அறையில் என்று கணக்குப் போட்டு, விமானத்தின் எடை நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பைலட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது முடியாமல் விமானம் நகராது.

ஒருநாள் இதை எனக்கு விளக்கினார். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. “பாரு, முன்பாரம் கூடுனா மாட்டுக் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடுனா நுகத்தடி மேலே தூக்கிக்கும். வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்து, இப்படி ரெண்டு அடி நகர்ந்து பார்ப்பாரு. நான் பண்றதும் அதேதான். என்னால ஏறி உட்கார முடியாது, பென்சில்ல பண்றேன்.” அதற்குப் பிறகு விமானம் என்றால் எனக்குப் பயமும் இல்லை, பெரிய பிரமிப்பும் இல்லை.

ஆராதனைக் காலம் வந்தால் அப்பாவுக்கு வேலை கூடும். தியாகராஜர் 1847-இல் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் திருவையாற்றில் நடக்கிற விழா. பெரும்பாலும் ஜனவரியில் வரும். சென்னை விமானத்தில் வித்வான்கள் வந்து இறங்குவார்கள். வீணைக்குச் சிலர் தனியாக ஒரு சீட்டே வாங்கிவிடுவார்கள். தம்புராதான் தொல்லை. கீழே மூட்டைகளோடு போனால் குடம் நசுங்கும். அவர்கள் திரும்பும்போது, எல்லாம் ஏற்றிய பிறகு, கடைசியாக, மேலே படுக்கவைக்கச் சொல்லி அப்பா அறைக்கதவு மூடும்வரை நிற்பாராம். எந்த வித்வான் வந்தார் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாது. “இன்னிக்கு மூணு தம்புரா” என்பார். பஞ்சமி காலையில் வீட்டு ரேடியோவில் ஆகாசவாணி நேரலை. கூட்டமாகப் பஞ்சரத்தினம் தொடங்கும்போது, அதில் எத்தனை தம்புரா அப்பா இறக்கியதோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவரோ அந்த நேரத்தில் பெரும்பாலும் செம்பட்டில் இருப்பார்.

தியாகராஜர் சமாதிக்கு வருகிறவர்கள் பெங்களூர் நாகரத்தினம்மாளை மறக்காமல் வணங்க வேண்டும். புதர் மண்டிக் கிடந்த இடத்தில் சொந்தப் பணத்தில் சமாதிக் கோயிலை எழுப்பியவர். பெண்களைப் பாடவிடாத காலத்தில் அங்கேயே பெண்களைத் திரட்டிப் பாடியவர். 1952-இல் மறைந்தார். சமாதியைப் பார்த்தபடியே அவருக்கும் சிலை இருக்கிறது.

விமானக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு இலவச டிக்கெட் உண்டு. ஆனால் அது “சப்ளோ”. இடமிருந்தால் மட்டும். ஒரு சித்திரை விடுமுறையில் சென்னை போக நாங்கள் செம்பட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஓடியது ஆவ்ரோ, இரண்டு விசிறி விமானம். கத்திரி வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குத் தாங்குசக்தி குறையும், அதனால் சுமையைக் குறைத்தாக வேண்டும். அப்பா காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நம்ம நாலு பேரும் எறங்கிக்கலாம்.” அம்மா வழிநெடுகப் பேசவில்லை. ராத்திரி ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் போனோம். எங்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது இறக்கியிருக்கலாமே என்று அன்று எனக்கு ஆத்திரம். டிக்கெட் வாங்கியவர் முதலில் என்பதில் அவர் ஒரு கிலோகூட விட்டுக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் கணக்குக்குக் காத்திருந்த விமானங்கள் அவை என்று நினைக்கும்போது, இப்போது எனக்கு நன்றிதான் வருகிறது.

பிறகு ஒரு பொங்கல் சமயம் இடம் கிடைத்தது. பழைய லோடு ஷீட்டின் பின்பக்கம் அப்பா ஒரு படம் வரைந்து கையில் கொடுத்தார். வலப்பக்க ஜன்னல் கேட்டு உட்கார்ந்தேன். விமானம் கிழக்கே எழும்பி வடக்கே திரும்பியது. முதலில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கம் தீவு. அப்புறம் கல்லணை, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போவது கோடுபோட்ட மாதிரி தெரிந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்தது அப்போதுதான் விளங்கியது. அதற்குக் கிழக்கே பழுத்த சம்பா, மஞ்சளும் பச்சையுமாக முடிவே இல்லாமல். “கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவுல, நம்ம ஊரு” என்று படத்தில் புள்ளி வைத்திருந்தார். ஜன்னலில் பார்த்தால் அந்தத் திசையில் வெறும் புகைமூட்டம். இருந்தாலும் பார்த்துவிட்டேன் என்றே அவரிடம் சொன்னேன்.

சரி, ஊருக்குள் வருவோம். ஐயாறப்பர் கோயில் ஐந்து பிரகாரம், சுற்றி வரவே கால் வலிக்கும். அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த தலம் என்பதால் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. வளாகத்தின் வட கயிலாயம் முதலாம் ராஜராஜனின் தேவி உலகமாதேவி எடுப்பித்தது. அவசரமாகப் போகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா!” என்று கத்தினால் ஏழு முறை திரும்பக் கேட்கும் என்பார்கள். எண்ணிச் சொல்ல முடியாதபடி பிள்ளைகள் விடாமல் கத்திக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. ஆண்டவர் கடையில் சுடச்சுட, பக்கத்தில் கொஞ்சம் காரத்தோடு சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் ருசி பாதிதான், கொண்டுபோவதை யாரும் நிறுத்தப்போவதில்லை.

திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையம் திறந்துவிட்டார்கள், பளபளவென்று இருக்கிறது. அங்கே இறங்கி ஆராதனைக்கு வருகிற பாடகர்களுக்கு ஒரு வார்த்தை: தம்புராவைக் கையோடு வைத்துக்கொள்ள இப்போதே கேட்டுவையுங்கள். லோடு ஷீட்டை இன்று கணினி போடுகிறது. அதற்குத் தம்புராவும் துணிமூட்டையும் ஒரே எடைதான்.