தராசும் தானமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில் ஒரு குகைத்தளம் உண்டு. சமண முனிவர் தங்கித் தவம் இயற்றிய இடம் அது. அங்குள்ள பாறையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கொடையாளர் பெயர்களைக் கூறுகின்றன. அவர்களுள் அரசர் எவரும் இலர். ஒருவர் உப்பு வணிகர். ஒருவர் அறுவை வணிகர், அதாவது துணி விற்றவர். ஒருவர் கொழு வணிகர். உழவர்க்குக் கலப்பையின் இரும்புக் கொழுவை விற்றவர். ஒருவர் பணித வணிகர். கருப்பஞ்சாற்றுப் பாகு விற்றவர் என்று பொருள் கொள்வர். இன்னொருவர் மதுரைப் பொற்கொல்லர்.

இவர்கள் அனைவரும் அங்காடி மாந்தர். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடும் மதுரைக்காஞ்சி, அந்நகரத்துச் சமணப் பள்ளியையும் பாடுகிறது. மாங்குளத்துக் கல்வெட்டில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் கூட்டத்தார், ஒன்றுகூடிக் கொடுத்த கொடை பதிவாகியுள்ளது. புகழூர் மலையில் கருவூர்ப் பொன் வணிகர் ஒருவர் முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தார். அங்காடியில் பலர் கூடி அறம் செய்வது இச்சமயத்தார்க்குப் புதிய வழக்கமன்று என்பதற்கு இக்கற்களே சான்று.

அழகர்மலைப் பாறையில் மற்றொன்றும் உற்றுநோக்கத் தக்கது. கொடுத்தவரின் தொழிலும் பெயரும் அங்கே உண்டு. கொடுத்த தொகை இல்லை. உப்பு விற்றவரும் பொன்வினை செய்தவரும் ஒரே பாறையில் அருகருகே நிற்கின்றனர். எவர் மிகுதியாகக் கொடுத்தார் என்று இன்று எவராலும் கூற இயலாது. கூற வேண்டிய தேவையும் இல்லை.

இன்று ஊர்தோறும் கூரையிட்ட நகராட்சி அங்காடிகளில் அறப்பணிகள் நடைபெறுகின்றன. விழாக் காலத்தில் வாயிலில் ஒரு மேசை இடப்படுகிறது. ஒரு கூடை வைக்கப்படுகிறது. பொருள் வாங்க வருவோர் ஒரு படி அரிசியோ ஒரு புட்டி எண்ணெயோ கூடுதலாக வாங்கிக் கூடையில் இடுகின்றனர். கடைக்காரர் தம் பங்கைச் சேர்க்கின்றனர். மாலையில் அவை பகுக்கப்பட்டு வறியோர் இல்லங்களுக்குச் செல்கின்றன. நல்ல வழக்கம், வளர வேண்டிய வழக்கம். ஆயினும் அது ஜின தருமத்தின் தானமாக அமைய வேண்டுமாயின், அதற்கு உரிய இலக்கணத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் தானத்திற்கு இலக்கணம் கூறுகிறது. பிறர்க்கும் தமக்கும் நன்மை விளையுமாறு தமக்கு உரிய பொருளை வழங்குதலே தானம் என்பது அதன் கருத்து. ‘தமக்கு உரிய பொருள்’ என்னும் சொல்லில்தான் அங்காடி அறத்தின் உயிர்நிலை இருக்கிறது. எடையில் குறைத்துப் பெற்ற பொருள் தமக்கு உரியதாகுமா? அதே அத்தியாயம் கள்ளாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. குறைந்த அளவால் விற்று மிகுந்த அளவால் வாங்குதல் அவற்றுள் ஒன்று. கலப்படப் பொருளை நற்பொருளென விற்றல் மற்றொன்று. ஆண்டு முழுதும் கிலோவுக்கு 50 கிராம் குறைத்தவர், விழா நாளில் ஒரு மூட்டை அரிசி வழங்கினால் அது தானமாகாது. பிறர் பொருளில் ஒரு சிறு பகுதி திரும்பி வந்தது என்றே கொள்ள வேண்டும். தானம் கூடையில் தொடங்குவதில்லை, தராசில் தொடங்குகிறது.

அச்சூத்திரமே தானத்தின் சிறப்பு நான்கால் அமையும் என்கிறது: கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர்.

முதலில் பொருள். விற்பனைக்கு ஆகாத பொருள் தானத்திற்கும் ஆகாது. வண்டு விழுந்த அரிசியையும் புழுத்த பருப்பையும் வழங்குவது கொள்பவரை இழிவு செய்வதோடு உயிர்க்கொலைக்கும் வழி வகுக்கும். அங்காடிக்குப் பல சமயத்தாரும் வருவர். அன்போடு வெங்காயமும் கிழங்கும் முட்டையும் கொணர்வோர் இருக்கலாம். அவர்களை வாயிலில் மறுத்து மனம் வருந்தச் செய்வது முறையன்று. அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம், எண்ணெய், சோப்பு, பள்ளிக் குறிப்பேடு எனத் தேவையானவற்றின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்தால் விரதமும் காக்கப்படும், அன்பும் காக்கப்படும்.

அடுத்து முறையும் கொடுப்பவரும். அதிதி சம்விபாக விரதத்தின் அதிசாரங்களுள் மாற்சரியம் ஒன்று. பிற கொடையாளர்மேல் பொறாமை கொண்டும், மதிப்பின்றியும் கொடுத்தல் அது. முனிவர்க்கு உணவளிப்பது பற்றிக் கூறப்பட்டதாயினும் எல்லாக் கொடைக்கும் அது பொருந்தும். ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் கூறப்பட்டவுடன் மற்றவர் 6,000 கொடுக்கும் இடத்தில், வளர்வது வறியோரின் வயிறன்று, கொடுப்போரின் செருக்கு. காலம் கடந்து கொடுத்தலும் அவ்வதிசாரங்களுள் ஒன்றே. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது தேவைப்படும் குறிப்பேட்டை ஆகஸ்டில் விழா மேடையில் வழங்குவதால் பயன் என்ன?

நான்காவது, கொள்பவர். முனிவர்க்கு அளிப்பது பாத்திரதானம். துன்புறுவோர்க்கு இரங்கி அளிப்பது கருணாதானம். கருணாதானத்திற்குக் குலமும் இல்லை, சமயமும் இல்லை. துன்பம் ஒன்றே தகுதி. அத்துன்பத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அறப்பணி மேசை இடப்பட்ட அதே கூரையின் கீழ் மூட்டை சுமப்பவர் இருக்கிறார்; அழுகிய இலை தழைகளை விடியுமுன் வாரிச் செல்லும் தூய்மைப் பணியாளர் இருக்கிறார்; தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் மூதாட்டி இருக்கிறார். கூடை நிறைவதை அவர்கள் நாள் முழுதும் பார்க்கின்றனர். மாலையில் அது அவர்களைக் கடந்து வேறெங்கோ சென்றுவிடுகிறது. அவர்கள் பெயர் பட்டியலில் முதலில் இருத்தல் வேண்டும். அவர்களைப் படம் பிடிக்காமல் கொடுத்தலும் வேண்டும்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது சிராவகர் இல்லத்துச் சிறுவரும் அறிந்ததே. அங்காடி அறப்பணிகளில் முதல் மூன்றும் ஓரளவு நடைபெறுகின்றன. அபயதானம் மட்டும் மறக்கப்படுகிறது. கீரை விற்கும் அம்மூதாட்டியின் அச்சம் எது? விடியலில் வாங்கிய கடன். கையில் பெறுவது 900 ரூபாய். பொழுது சாயுமுன் திருப்ப வேண்டியது 1,000 ரூபாய். ஒரு பகலுக்கு 100 ரூபாய் வட்டி. இத்தகைய கொடுவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது; ஆயினும் மறுநாள் கைமுதல் இல்லாதவர் அதே வாயிலில்தான் நிற்க நேர்கிறது.

ஓர் அறக்கட்டளை அவருக்கு 1,000 ரூபாயை வட்டியின்றித் தந்தால், நாள்தோறும் வட்டிக்குச் சென்ற 100 ரூபாய் அவர் கையிலேயே நிற்கும். அதைச் சேர்த்து வைத்தால் பத்தே நாளில் அவருக்கென ஒரு முதல் உண்டாகிவிடும். அறக்கட்டளையின் பணம் அடுத்தவரிடம் செல்லும். 10,000 ரூபாய் இருந்தால் ஒரே வேளையில் பத்துப் பேரின் அச்சம் நீங்கும், அப்பணமும் குறையாது. ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவைவிட இது சிறிது. அஞ்சி வாழ்பவரின் அச்சத்தை நீக்குவதே அபயதானம் எனின், இதனினும் பொருத்தமான அபயதானம் அங்காடியில் வேறு எது?

தமிழ்ச் சமணருள் உழுவோர் பலர், கற்பிப்போர் பலர், வணிகர் சிலர். ஆயினும் அங்காடிக்குச் செல்லாதவர் எவரும் இலர். கடையில் இருப்பவர் அளவில் நேர்மை காக்கட்டும். வாங்க வருபவர், கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசி மீதத்தைத் தானக் கூடையில் இடாதிருக்கட்டும். அறக்கட்டளைகள் கொடைத் தொகைகளை வாசிப்பதைக் குறைத்து, கொள்பவரின் அச்சத்தைக் கேட்டறியட்டும்.

அழகர்மலையில் அந்த உப்பு வணிகர் எவ்வளவு கொடுத்தார் என்று பாறை சொல்லவில்லை. அவர் கொடுத்தார் என்று மட்டும் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஜின தருமம் ஓங்குக. எல்லா உயிரும் இன்புறுக.