இல்லாத நாட்டின் அமைச்சர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலர் அவர்கள் பணித்தபோது, சங்கப் பாடல் ஒன்றையோ காப்பிய மாந்தர் ஒருவரையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் தந்த தலைப்பைக் கேட்டுச் சற்றே திகைத்தார். "இல்லாத நாட்டுக்கு அமைச்சர் எதற்கு, அம்மா?" என்று வினவினார். நியாயமான வினா. அதற்கு விடை தேடும் முயற்சியே இவ்வுரை.

உலகப் படத்தில் இடம்பெறாத, எந்த அரசும் ஏற்றுக்கொள்ளாத, ஆயினும் தம்மை நாடு என்று தாமே அறிவித்துக்கொண்ட இடங்கள் சில உள்ளன. ஆங்கிலத்தில் மைக்ரோநேஷன் என்பார்கள். 'குறுநாடு' என்று நான் வழங்குகிறேன். சிறிய நாடு வேறு, குறுநாடு வேறு. மொனாக்கோவும் வாத்திகனும் பரப்பில் சிறியவை. ஆனால் பிற நாடுகள் ஏற்றுக்கொண்டவை. நம் பழம்பாடல்கள் போற்றும் குறுநில மன்னர்களுக்கும் நிலமும் குடியும் இருந்தன. குறுநாட்டுக்கோ பெரும்பாலும் ஓர் அறிவிப்பு மட்டுமே முதலாக இருக்கிறது.

நாடு என்பதற்கு இலக்கணம் வகுத்தவர் பலர். 1933-இல் மான்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை நான்கு கூறுகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல். நம் வள்ளுவர் அரசனுக்கு ஆறு உறுப்புகளைச் சொன்னார். அவற்றுள் அமைச்சும் ஒன்று. கோட்டை கட்டக் கல் வேண்டும். படைக்கு ஆள் வேண்டும். செல்வம் சேர்க்க வழி வேண்டும். நட்பு மற்றவர் தர வேண்டியது. இவை ஒன்றும் இல்லாதவனும் ஒரு மாலைப்பொழுதில், ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு, அமைச்சரவை ஒன்றை அமைத்துவிடலாம். குறுநாடுகளில் அமைச்சர்கள் மலிந்திருப்பதன் காரணம் இதுதான். ஆறு உறுப்புகளுள் சொல்லால் மட்டுமே படைத்துவிடக்கூடியது பதவி.

ஆகவே, சொல்லைக் கொண்டு தொழில் செய்யும் நமக்கு இது அயலான செய்தி அன்று.

அமைச்சர் என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். அமைத்தல் என்னும் வினையோடு இதனை இயைத்துக் காண்பாரும் உளர். அமாத்தியர் என்னும் வடசொல்லோடு இயைப்பாரும் உளர். அந்த வடசொல்லின் அடிப்பொருள் உடனுறைபவர், ஒரே இல்லத்தார் என்பதாகும். ஆங்கிலத்தில் வழங்கும் மினிஸ்டர் என்ற சொல்லோ இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பணியாள் என்று பொருள். உடனுறைபவர், பணியாள் என்னும் இவ்விரு பொருள்களையும் உரைகல்லாகக் கொண்டு, மூன்று குறுநாடுகளின் அமைச்சுகளை உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலாவது, சீலாந்து. இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுப்பிய கடற்கோட்டை ஒன்று இருக்கிறது. இரு பெருந்தூண்கள்மேல் ஒரு தளம். அவ்வளவே அதன் நிலம். 1967-இல் ராய் பேட்ஸ் என்பவர் அதைக் கைக்கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் தனிநாடு என அறிவித்து, தம்மை இளவரசர் என்று அழைத்துக்கொண்டார். அன்று பிரித்தானியக் கடல் எல்லை மூன்று மைல் அளவே. ஆதலால் 1968-இல் அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு பற்றிய வழக்கில், அவ்விடம் தன் அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று என்று ஆங்கில நீதிமன்றமே கூறிவிட்டது.

இந்நாட்டுக்கு ஒரு பிரதமரும் வாய்த்தார். அலெக்சாண்டர் ஆகன்பாக் என்னும் ஜெர்மானிய வணிகர். 1978 ஆகஸ்டு மாதத்தில், இளவரசர் வெளியூர் சென்றிருந்த வேளை பார்த்து, கூலிப்படையினரை ஏவிக் கோட்டையைக் கைப்பற்றச் செய்தார். இளவரசரின் மகன் மைக்கேல் பிணையாளியாகப் பிடிபட்டார். சில நாள்களுக்குள் பேட்ஸ் ஹெலிகாப்டரில் வந்து கோட்டையை மீட்டார். வந்தவர்களுள் சீலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஜெர்மானிய வழக்கறிஞர் ஒருவர் மீது துரோகக் குற்றம் சாட்டிச் சிறைவைத்தார். அவரை மீட்பதற்காக ஜெர்மனி தன் தூதரக அதிகாரி ஒருவரை அந்தத் தளத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வருகையையே தம் நாட்டுக்குக் கிடைத்த ஏற்பாகப் பேட்ஸ் கொண்டாடினார். ஆகன்பாக்கோ ஜெர்மனியில் இருந்தவாறே 'புலம்பெயர்ந்த அரசாங்கம்' ஒன்றை அறிவித்தார். ஒருசில அறைகளே கொண்ட நாட்டுக்கு இரண்டு அரசாங்கங்கள்!

நாம் சிரிக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிரதமர் பதவியில் பெயரைத் தவிர வேறு என்ன இருந்தது? அப்பெயரே ஒரு மனிதரை ஆயுதம் தாங்கியவர்களைத் திரட்டும் அளவுக்கு இட்டுச் சென்றது. உடனுறைந்தவர் உடனிருந்தோர்மேலே பாய்ந்தார். பின்னாளில் சீலாந்தின் பெயரால் போலிக் கடவுச்சீட்டுகள் பெருகின. இதனால் 1997-இல் பேட்ஸ் குடும்பத்தார் தாம் வழங்கியிருந்த கடவுச்சீட்டுகள் அனைத்தையும் செல்லாதவை என்று அறிவிக்க நேர்ந்தது. சொல்லை வெறும் உரிமைப் பட்டயமாகக் கொண்டால் அதனைப் பறிக்கவும் ஆள் வருவார், போலி செய்யவும் ஆள் வருவார் என்பதற்குச் சீலாந்து சான்று.

இரண்டாவது, லடோனியா. இது ஒரு கலைஞரின் நாடு. சுவீடனின் தென்பகுதியில் குல்லாபெரி என்னும் இயற்கைக் காப்பகத்தின் கடலோரத்தில், 1980-ஆம் ஆண்டு முதல் லார்ஸ் வில்க்ஸ் என்னும் கலைஞர் கரையொதுங்கிய மரத்துண்டுகளை ஆணியடித்து ஒரு பெருஞ்சிற்பம் எழுப்பினார். நிமிஸ் என்பது அதன் பெயர். எளிதில் சென்றடைய இயலாத இடமாதலால், அரசு அலுவலர்களுக்கு அப்படியொன்று இருப்பதே இரண்டாண்டு கழித்துத்தான் தெரிந்தது. காப்பகத்தில் கட்டடம் கூடாது, அகற்றுக என்றார்கள். வழக்கு நீண்டது. 1996 ஜூன் 2-ஆம் நாள் வில்க்ஸ் அவ்விடத்தைத் தனிநாடு என அறிவித்தார்.

லடோனியாவுக்கு அரசியும் உண்டு, குடியரசுத் தலைவரும் உண்டு, அமைச்சரவையும் உண்டு. வரியாகப் பணத்தை வாங்குவதில்லை; குடிமக்கள் தம் படைப்பாற்றலில் ஒரு பங்கைத் தர வேண்டும். கவிஞர்களுக்கு இதைவிடத் தகுந்த நாடு எது? அமைச்சர்கள் உலகின் பல பகுதிகளில் வாழ்பவர்கள். துறைகளும் நிதி, உள்துறை என்ற பழந்தடத்தோடு நில்லாமல் கற்பனைக்கு இடந்தருபவை. இவ்விளையாட்டுக்கு எதிரே மெய்யான அரசும் தன்னையறியாமல் விளையாடியது. வில்க்ஸ் நட்ட கற்சிற்பம் ஒன்றை 2001-இல் அகற்றிய பின்னர், அதன் நினைவாக வேறொன்று வைக்க அவர் இசைவு கேட்டார். இசைவு கிடைத்தது, உயரம் எட்டுச் சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்னும் நிபந்தனையோடு! எந்த அமைச்சகம் கற்பனை, எந்த அமைச்சகம் மெய் என்று மயங்க வைக்கும் ஆணை இது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த நகைச்சுவையை அன்று. 2002-ஆம் ஆண்டளவில் லடோனியாவின் அலுவலகத்துக்குப் பாகிஸ்தானிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேற்ற விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவர்கள் இதைச் சிற்பமாகப் பார்க்கவில்லை, அங்கதமாகவும் படிக்கவில்லை. அரசி இருக்கிறார், அமைச்சர்கள் இருக்கிறார்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். போய் வாழலாம் என்று எண்ணினார்கள். அங்கே யாரும் குடியிருக்க இயலாது என்று மறுமொழி சொல்ல வேண்டியதாயிற்று.

இச்செய்தியை நான் முதன்முதல் அறிந்தபோது சிரிக்க முடியவில்லை. அங்கதத்தின் இலக்கணத்தை வகுப்பறையில் பல்லாண்டு நடத்தியவள் நான். சொல்லும் பொருளும் முரணும்போது கேட்போர் அம்முரணை உணர்ந்து நகைப்பர் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்முரணை உணர்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்பதை அந்த மூவாயிரம் பேர் எனக்குக் கற்பித்தார்கள். சொந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்திருப்பவனுக்கு இல்லாத நாட்டின் குடியுரிமை நகைப்பு. போக்கிடம் தேடுபவனுக்கு அது கதவு. சொல் ஒன்றுதான்; அதைத் தட்டும் கை வேறு.

இதனால் வில்க்ஸ் குற்றவாளி என்று நான் கூறமாட்டேன். 2021-இல் மறைந்த அக்கலைஞர் எவரையும் ஏமாற்றக் கருதி அந்நாட்டைப் படைத்தவர் அல்லர். ஆயினும், பதவிப் பெயர் ஒன்றை உலகின்முன் வைத்தவர், அதை மெய்யென நம்பி வருபவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். பணியாள் என்னும் பொருள் அங்கேதான் விழித்துக்கொள்கிறது.

மூன்றாவது, உஜுபிஸ். லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில் ஓர் ஆற்றின் மறுகரையில் உள்ள பகுதி. உஜுபிஸ் என்பதற்கே ஆற்றுக்கு அப்பால் என்றுதான் பொருள். அங்கு யூதர்கள் பலர் வாழ்ந்தனர். நாஜிகளின் ஆட்சியில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். வீடுகள் வெறுமையாயின. சோவியத் ஆட்சியில் அங்கிருந்த யூதக் கல்லறைத் தோட்டமும் அழிக்கப்பட்டு, அதன் கற்கள் நகரில் படிக்கட்டுகளாயின. இடிந்த வீடுகளில் வறியோரும், பின்னர் கலைஞர்களும் குடியேறினர்.

லித்துவேனியா 1990 மார்ச் 11-ஆம் நாள் தன் விடுதலையை மீட்டறிவித்தது. 1991 ஜனவரி 13-ஆம் நாள் வில்னியஸின் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற மக்கள்மேல் சோவியத் படை பாய்ந்தது. 14 பேர் உயிரிழந்தனர். உலகம் ஏற்கும்வரை அந்நாட்டின் மெய்யான அமைச்சர்களும் ஒருவகையில் இல்லாத நாட்டின் அமைச்சர்களாகவே இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அறிவிப்புச் சொல் ஒன்றை மக்கள் தம் உயிரால் மெய்யாக்கிய ஊர் அது.

அந்த ஊரில்தான் 1997 ஏப்ரல் 1-ஆம் நாள், முட்டாள்கள் தினத்தன்று, உஜுபிஸ் குடியரசு அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ரோமாஸ் லிலெய்கிஸ், கவிஞர், திரைப்பட இயக்குநர். வெளியுறவு அமைச்சர் தோமாஸ் செபாய்திஸ். இவ்விருவருமே சேர்ந்து அரசியலமைப்பையும் எழுதினர். ஆற்றங்கரைத் தேநீர் விடுதியே ஆட்சி மன்றம். ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ஆம் நாள் பாலத்தில் நின்று, வருவோரின் கடவுச்சீட்டில் முத்திரை இடுவார்கள். அவர்களின் அரசியலமைப்பு அமைச்சர்களின் அதிகாரங்களைப் பட்டியலிடுவதில்லை. ஆற்றோரம் வாழ மனிதருக்கு உரிமை உண்டென்றும், மனிதரருகே ஓட ஆற்றுக்கு உரிமை உண்டென்றும் சொல்கிறது. நாய் நாயாக இருக்கலாம் என்கிறது. மகிழ்ச்சியாக இருக்கவும், மகிழ்ச்சியின்றி இருக்கவும் உரிமை தருகிறது. பல மொழிகளில் பொறித்த பலகைகளாக அது தெருச்சுவரில் நிற்கிறது.

இங்கே அமைச்சர் உடனுறைபவர். அவர் காலையில் ரொட்டி வாங்கச் செல்லும் தெருவே அவருடைய நாடு. கேள்வி கேட்பவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆகவே உஜுபிஸின் அமைச்சு என் உரைகல்லில் நன்றாகவே ஒளிர்கிறது. ஆயினும் முழுமையாக அன்று. குடியரசின் புகழ் வளர வளர, அப்பகுதியின் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. வறுமையில் இருந்த கலைஞர்கள் பலர் அங்கு வாழ இயலாது வெளியேறினர். ஆற்றோரம் வாழும் உரிமை சுவரில் இருக்கிறது. வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அமைச்சரிடம் இல்லை. சொல்லால் படைக்கக்கூடியது பதவி என்றேன்; சொல்லால் மட்டும் காக்கக்கூடியது குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியாயின் செயலர் அவர்களின் வினாவுக்கு என்ன விடை? இல்லாத நாட்டுக்கு அமைச்சர் எதற்கு? என் விடை இது. அதிகாரமற்ற அமைச்சரிடம் எஞ்சியிருப்பது மறுமொழி சொல்லும் கடமை ஒன்றுதான். அதனைச் செய்தால் அப்பதவி கவிதை. செய்யாவிட்டால் வெறும் வேடம். தவறான கையில் மோசடி. மெய்யான அமைச்சருக்குப் படையும் பணமும் துணைநிற்பதால் இக்கடமையை அவர் மறந்தும் காலந்தள்ளலாம். கற்பனை அமைச்சருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நம் வட்டமும் பத்தாண்டுக்கு முன்னர் ஓர் அறிவிப்பால் பிறந்ததே. நமக்கும் தலைவர் உண்டு, செயலர் உண்டு, பொருளாளர் உண்டு. நம்மிடம் உள்ள பொருளின் அளவைப் பொருளாளர் அவர்களே நன்கறிவார். ஆனால் தமிழில் பொருள் என்பது செல்வத்தை மட்டும் குறிப்பதன்று; சொல்லின் பொருளையும் குறிக்கும். அவ்வகையில் இங்குள்ள ஒவ்வொரு கவிஞரும் பொருளாளரே. விடுதலை என்றும் வீடு என்றும் தாய்மண் என்றும் கவியரங்க மேடைகளில் எளிதாக எழுதிவிடுகிறோம். அச்சொற்களைக் கைதட்டலுக்காக அல்லாமல், வேறு போக்கிடம் இன்றிப் படிக்கும் ஒருவர் எங்கோ இருக்கக்கூடும். அவர் விண்ணப்பம் அனுப்பினால் நாம் என்ன மறுமொழி எழுதுவோம் என்று எண்ணிப் பார்த்து எழுதுவோமாக.