சார்ஜ் என்றால் சுமை
(சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறீர்கள். சிலர் இனிமேல்தான் நைட் ஷிப்டுக்குப் போக வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"அவங்க மகனைச் சார்ஜ் பண்ணிட்டாங்களாம்." இந்த ஒரு வாக்கியம் போதும், நம் குடியிருப்பில் அந்தப் பையன் குற்றவாளி ஆகிவிடுவான். பேசி வைத்த கல்யாணம் நின்றுபோகும். சார்ஜ் என்ற சொல்லுக்கு அப்படி என்னதான் பொருள்?

1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் அங்கே நீதிமன்ற மொழி பிரெஞ்சும் லத்தீனும்தான். தன் மேல் என்ன வழக்கு என்று சாதாரண ஆங்கிலேயத் தொழிலாளிக்கே புரியாது! 1362-இல் ஆங்கிலத்தில் வாதாடச் சட்டம் போட்டார்கள். ஆனாலும் பதிவேடுகளில் லத்தீன் முடிவாக ஒழிந்தது 1733-இல்தான். நாம் இன்று கேட்கும் சட்டச் சொற்கள் பல அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டவை.

சார்ஜ் என்ற சொல்லின் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவது. கைப்பேசிக்குப் போடும் சார்ஜும் இதே சொல்தான். நம் பாட்டன்மார் சட்டம் படிக்காதவர்கள். அவர்களும் 'குற்றம் சுமத்துதல்' என்றுதானே சொன்னார்கள்? சுமை ஏற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது உண்மை என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது ஏற்றிய அரசுத் தரப்பின் வேலை.

'இம்பீச்' என்பதன் வேர் காலில் விலங்கு பூட்டுவது. 'இண்டைட்' என்பது வாயால் சொல்லி எழுத வைப்பது. 'அரெய்ன்' என்ற சொல் எனக்குப் பிடித்தது. குற்றச்சாட்டை வாசித்துப் பதில் கேட்பதற்கு அந்தப் பெயர். அதன் வேரில் 'காரணம்', 'நியாயம்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. உன் நியாயத்தைச் சொல் என்று கூப்பிடுவது!

கூப்பிட்டும் வாய் திறக்காவிட்டால்? பழைய இங்கிலாந்தில் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சின் மேல் பாரம் ஏற்றினார்கள். 1586-இல் யார்க் நகரில் மார்கரெட் கிளித்தரோ என்ற தாய் இப்படித்தான் நசுங்கிச் செத்தார். பாதிரியார்களுக்கு இடம் கொடுத்தார் என்பது வழக்கு. பதில் சொன்னால் விசாரணை நடக்கும், பெற்ற பிள்ளைகளே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வரும். அதனால் பேசவில்லை. சொத்தைக் காப்பாற்ற வாயை மூடியவர்களும் உண்டு. தண்டனை பெற்றால் சொத்து பறிபோகும். தீர்ப்பில்லாமல் செத்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும். இந்தக் கொடுமை 1772-இல் ஒழிந்தது. 1827-க்குப் பிறகு, மௌனமாக நின்றால் 'குற்றவாளி அல்ல' என்று பதிவு செய்தார்கள்.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குற்றச்சாட்டை வாசித்து விளக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கோருகிறாயா என்று கேட்க வேண்டும். நாம் 'கிளேம் டிரையல்' என்கிறோமே, அதுதான் இரண்டாவது. நான் நிரபராதி என்று அங்கேயே நிரூபிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள்! விசாரணை கேட்டால் போதும். வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் விசாரணைக்குத்தான் போக வேண்டும். பயப்படாதீர்கள், இங்கே யாரும் நெஞ்சில் கல் வைக்க மாட்டார்கள்.

ஆனால் நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? லாக்கப்பில் சில நாள் கிடந்த களைப்பு. 'சாலான்னு சொல்லிடு, அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்' என்று யாரோ காதில் ஓதுகிறார்கள். தலையாட்டிவிடுகிறார்கள். அது அபராதத்தோடு முடியாமல் சிறையாகவும் போகலாம். அப்புறம் என்னிடம் தாய்மார்கள் அழுதுகொண்டு வந்தால் நான் என்ன செய்ய? ஒப்புக்கொண்டவர் 305-ஆம் பிரிவின்படி தண்டனையின் அளவு, அதன் சட்டப்படியான தன்மை பற்றி மட்டும்தான் மேல்முறையீடு செய்யலாம். 'நான் செய்யவே இல்லை' என்று அப்போது சொல்ல முடியாது. அதனால்தான் ஒப்புதலைப் பதியும் முன்பு, அதன் தன்மையும் விளைவும் அவனுக்குப் புரிந்ததா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அதே 173 கட்டளையிடுகிறது.

சார்ஜே இல்லாமல் உள்ளே வைப்பது இதைவிட மோசம். 1960-இல் வந்து 2012-இல் ரத்தான இசா சட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 60 நாள், பிறகு இரண்டிரண்டு ஆண்டு. சுமை என்னவென்று சொன்னால்தானே இறக்கி வைக்க முடியும்?

உங்கள் பிள்ளையை நாளை நிறுத்தினால் அவனிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். சட்ட மலாய் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அதிகபட்சத் தண்டனை என்ன என்று கேட்கட்டும். வழக்கறிஞரைக் கலந்து பேச அரசியலமைப்பின் 5-ஆம் விதி உரிமை தருகிறது. பணமில்லாதவர்களுக்கு 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கறிஞர் வரும்வரை தவணை கேட்கட்டும். சாலா என்ற சொல் அதுவரை வாயில் வர வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். குற்றப்பத்திரிகை நகல் வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.